மூளையின் பயனும் மொழியின் கடப்பாடும்: எல்லைப்புறத் தமிழரை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

தாய்மொழியைப் பேணுதல் கடமையா, விருப்பமா, பயன் கருதிய முயற்சியா என்னும் வினா தமிழுலகில் நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருவதாகும். அண்மைக் காலத்தில் இவ்வினாவுக்கு மூளையியல் ஆய்வுகளின் துணைகொண்டு புதியதொரு விடை கூறப்படுகின்றது. இரு மொழிகளைப் பேசி வாழ்ந்தவரின் மூளை முதுமையில் மறதிநோயை நெடுநாள் தாங்கி நிற்கின்றது. ஆதலின் பிள்ளைகளுக்குப் பிறமொழியோடு தாய்மொழியையும் கற்பித்தல் நன்று என்பதே அவ்விடை. மொழிப்பற்றை வெற்றுணர்ச்சி என ஒதுக்குவோரும் மருத்துவ ஆய்வு என்றால் செவிசாய்ப்பர். எனவே தமிழறிஞர் பலர்க்கும் இவ்வாதம் உவப்பானதாக உள்ளது.

உவப்பான வாதம் அனைத்தும் உறுதியான வாதம் ஆகிவிடாது. மூளைக்கு நன்மை என்பது ஒரு மொழியைக் காப்பதற்குரிய அறக்காரணம் ஆகுமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆந்திர மாநிலத்தின் தென்னெல்லையில் உள்ள சூளூர்பேட்டை போன்ற ஊர்களின் இருமொழிச் சூழல் ஆய்வுக்களமாகக் கொள்ளப்படுகின்றது. பயன் பற்றிய வாதம் தமிழுக்குப் போதிய அரண் ஆகாது. ஆயினும் அதே மூளையியல் செய்திகளை ஆழ்ந்து நோக்கின், மனிதர்க்கு மனிதர் ஆற்றவேண்டிய ஒரு கடப்பாடு அவற்றிலிருந்து புலனாகும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள் ஆகும்.

களம்: எல்லையும் இருமொழியும்

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் ஆரம்பாக்கத்தைக் கடந்து, ஆந்திர எல்லைக்குள் தடாவுக்கு வடக்கே அமைந்த ஊர் சூளூர்பேட்டை. காளங்கி ஆற்றங்கரையில் அமைந்த இவ்வூர் செங்காளம்மன் கோயிலால் அறியப்பெறுவது. பழவேற்காட்டு ஏரிக்கு அப்பாலுள்ள ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையத்துக்கு வாயிலாக விளங்குவதும் இவ்வூரே. சென்னைப் புறநகர்த் தொடர்வண்டிகள் இங்கு வரை வருகின்றன. நெல்லூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்த இவ்வூர், 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி மாவட்டம் அமைக்கப்பெற்றபோது அம்மாவட்டத்தோடு இணைக்கப்பெற்றது.

தொல்காப்பியச் சிறப்புப் பாயிரம் தமிழ்நிலத்தின் வடவெல்லையாகச் சுட்டும் வேங்கடமும், மூவர் முதலிகளும் பாடிய திருக்காளத்தியும் இன்று இம்மாவட்டத்திலேயே உள்ளன. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் உருவான காலத்திலும் அதன் பின்னரும் ம.பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டம் யாவரும் அறிந்தது. 1960 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தால் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்தோடு சேர்ந்தன. நிலத்தை இவ்வாறு பிரிக்க இயன்றது. நாவைப் பிரிக்க இயலவில்லை. கோட்டின் இருபுறமும் தமிழும் தெலுங்கும் சந்தையிலும் கோயிலிலும் மணவுறவிலும் கலந்தே வழங்குகின்றன. எழுத்தறிவு இல்லாதவரும் இரு மொழிகளில் இயல்பாக உரையாடுவது இங்குப் புதுமையன்று. இத்தகைய இருமொழிமை பள்ளியில் கற்றதன்று, வாழ்வில் வாய்த்தது என்பது பின்வரும் ஆய்வுச் செய்திகளைப் புரிந்துகொள்வதற்கு இன்றியமையாததாகும்.

இருமொழி மூளை: சில வியத்தகு செய்திகள்

மனித மூளையின் எடை ஏறத்தாழ 1.4 கிலோகிராம். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே உள்ள இவ்வுறுப்பு, உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை நுகர்கின்றது. இதன்கண் சற்றேறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்று 2009-இல் வெளியான ஆய்வு கணித்தது. இவ்வெண்களினும் வியப்புக்குரியது மொழியோடு மூளைக்குள்ள உறவாகும். மொழிகள் மூளையில் தனித்தனிப் பேழைகளில் பூட்டி வைக்கப்பெற்ற பொருள்கள் போல இருப்பதில்லை. 1999-இல் ஸ்பைவி, மரியான் என்னும் ஆய்வாளர்கள் ரஷ்யமும் ஆங்கிலமும் அறிந்தோரின் கண்ணசைவுகளை ஆராய்ந்தனர். ரஷ்ய மொழியில் அஞ்சல்தலையைக் குறிக்கும் ‘மார்க்கா’ என்னும் சொல்லைக் கேட்டபோது, கேட்டோரின் பார்வை ஆங்கிலத்தில் ‘மார்க்கர்’ எனப்படும் எழுதுகோலின் மீதும் சென்று மீண்டது. ஒரு மொழியைக் கேட்கும்போது மற்றொன்றும் உடன் விழிக்கின்றது என்பதே இதன் பொருள். ‘செப்பு’ என்னும் ஒலியைக் கேட்கும் எல்லைப்புறத் தமிழரின் உள்ளத்திலும் தமிழின் செப்புக்கலமும், தெலுங்கில் அவ்வொலி குறிக்கும் சொல்லுதலும் செருப்பும் ஒருங்கே எழும் என எதிர்பார்க்கலாம். எழுந்தவற்றுள் வேண்டாததை அடக்கி வேண்டியதைத் தெரிதல் இருமொழியாளரின் மூளைக்கு நாள்தோறும் வாய்க்கும் பயிற்சியாகும்.

இப்பயிற்சி முதுமையில் பயன்தருமா என்பதை 2007-இல் பியலிஸ்டாக் முதலியோர் கனடாவின் டொரண்டோவில் ஆராய்ந்தனர். மறதிநோய் கண்ட 184 பேரின் மருத்துவப் பதிவுகளை ஒப்பிட்டபோது, இருமொழியாளரிடம் நோயின் அறிகுறிகள் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பிந்தித் தோன்றியமை தெரியவந்தது. ஆயின் அங்கு இருமொழியாளருள் பலர் குடிபெயர்ந்து வந்தோர். குடிபெயர்வோர் இயல்பிலேயே உடலுரம் மிக்கோராக இருத்தல் கூடுமாதலின், நன்மை மொழியால் விளைந்ததா குடிபெயர்வால் விளைந்ததா என்னும் ஐயம் நீடித்தது.

இவ்வையத்தை ஓரளவு களைந்தது ஐதராபாத்தில் நிகழ்ந்த ஆய்வாகும். நிஜாம் மருத்துவ அறிவியல் நிறுவனத்தைச் சார்ந்த சுவர்ணா அல்லாடி முதலியோர் மறதிநோய் கண்ட 648 பேரை ஆராய்ந்து 2013-இல் முடிவுகளை வெளியிட்டனர். அந்நகரில் பல மொழி பேசுதல் குடிபெயர்வின் விளைவன்று, ஊரின் இயல்பு. அங்கும் இருமொழியாளர்க்கு நோய் 4.5 ஆண்டுகள் பிந்தியே வெளிப்பட்டது. பள்ளிக்கே செல்லாதவரிடத்தும் இவ்வேறுபாடு காணப்பட்டமையால், இது கல்வியின் பயனாக மட்டும் இருத்தல் இயலாது என்பது புலனாயிற்று. இரண்டுக்கு மேற்பட்ட மொழிகள் அறிந்தோர்க்கு மிகுதியான நன்மை யாதும் காணப்படவில்லை. 2016-இல் பக்கவாதம் கண்ட 608 பேரிடம் நிகழ்த்திய ஆய்வில், நோய்க்குப் பின்னும் அறிதிறன் பழுதுபடாதிருந்தோர் இருமொழியாளருள் நூற்றுக்கு 40.5 பேர், ஒருமொழியாளருள் நூற்றுக்கு 19.6 பேர். ஆயினும் பேச்சிழப்பு நேர்ந்த அளவில் இரு திறத்தாரிடையே வேறுபாடு இல்லை. இரு மொழிகள் அறிவுக்கு அரணாயின, நாவுக்கு அரணாகவில்லை.

இங்குக் கருதத்தக்கது ஒன்றுண்டு. இருமொழிமை நோயைத் தடுக்கின்றது என்று இவ்வாய்வுகள் கூறவில்லை. மூளை நலிவுற்ற பின்னும் எஞ்சிய வழிகளைக் கொண்டு இயங்கும் சேமிப்புத் திறனை அது வளர்க்கின்றது என்பதே ஆய்வாளர் தரும் விளக்கமாகும்.

பயன் வாதமும் அதன் மூன்று குறைகளும்

மேற்கண்ட செய்திகளைக் கொண்டு தமிழைக் காக்க முற்படும் வாதத்தில் மூன்று குறைகள் உள்ளன.

முதலாவது, ஈடுசெய்தல் பற்றியது. ஆய்வுகள் இரு மொழிகள் வேண்டும் என்கின்றன. இன்ன மொழி வேண்டும் என்று கூறவில்லை. சூளூர்பேட்டைச் சிறுவன் ஒருவன் தெலுங்கும் ஆங்கிலமும் அறிந்து தமிழை அறவே மறந்தாலும், மூளைக்குரிய பயன் அவனுக்குக் குறைவின்றிக் கிட்டும். இரண்டுக்கு மேற்பட்ட மொழிகளால் மிகுதியான பயன் இல்லை என்ற ஐதராபாத் முடிவைச் சேர்த்து எண்ணின், மூன்றாவதாக நிற்கும் தமிழ் அவனுக்கு வேண்டாத சுமை என்றே பயன் வாதம் தீர்ப்பளிக்கும். தமிழைக் காக்க எடுத்த படைக்கலம் தமிழின் மீதே பாய்வது இவ்வாறு.

இரண்டாவது, நிலையாமை பற்றியது. நோயுற்றுத் தாமே மருத்துவமனைக்கு வந்தோரை ஆராய்ந்த ஆய்வுகள் நன்மை காட்டுகின்றன. நலமாக உள்ளோரைப் பல்லாண்டு பின்தொடர்ந்த ஆய்வுகளுள் பல அதனைக் காட்டவில்லை. நியூயார்க்கில் ஸ்பானிய மொழி பேசும் முதியோரிடம் நிகழ்த்தி 2014-இல் வெளியான ஆய்வும், பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான மதிப்பீடும் இத்தகையன. அறிவியல் முடிவுகள் திருத்தத்துக்கு உட்பட்டவை. அதுவே அவற்றின் பெருமை. ஆனால் நாளை திருத்தப்படக்கூடிய ஒன்றின் மீது மொழிக் கடமையைக் கட்டினால், ஆய்வு மாறும் நாளில் கடமையும் சரிந்துவிடும். மறதிநோயைத் தீர்க்கும் மருந்து கண்டுபிடிக்கப்பட்டால் தாய்மொழியைக் கைவிடலாம் என்று எவரும் ஒப்பார். அங்ஙனம் ஒப்பாமையே, அக்கடமைக்கு வேறு அடிப்படை உண்டு என்பதைக் காட்டுகின்றது.

மூன்றாவது, காரணத்தின் தன்மை பற்றியது. விலையுடையது, மாண்புடையது என இருவகையாகப் பிரித்து, ஈடாக மற்றொன்றை வைக்கத்தக்கது விலையுடையது என்றும், ஈடற்றது மாண்புடையது என்றும் இம்மானுவேல் காண்ட் 1785-இல் வெளியிட்ட அறவியல் நூலில் விளக்கினார். இப்பாகுபாட்டின் கருத்து தமிழர்க்குப் புதியதன்று. இம்மையில் செய்த நன்மை மறுமையில் பயன் தரும் எனக் கருதி அறத்தை விலைபேசும் வணிகனாக ஆய் அண்டிரன் இருந்ததில்லை என்று, புறநானூற்று 134-ஆம் பாடலில் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் போற்றுகின்றார். செயல் ஒன்றே, கொடையும் வணிகமும் வேறுபடுவது காரணத்தால் ஆகும். கைம்மாறு கருதாத மழையைக் காட்டி ஒப்புரவறிதல் அதிகாரத்தைத் திருவள்ளுவர் தொடங்குவதும் இக்கருத்தினதே. மூளைக்கு ஆதாயம் என்பதற்காகப் பிள்ளைக்குத் தாய்மொழி தருபவர், தருவதை முதலீடாக ஆக்கிவிடுகின்றார். முதலீட்டை வேறிடத்தில் நல்ல ஆதாயம் கிட்டும்போது திரும்பப் பெறுவதே வணிக நெறி.

எஞ்சி நிற்கும் மொழி

பயன் வாதத்தை மறுப்பதால் மூளையியலையே ஒதுக்கிவிட வேண்டுவதில்லை. அவ்வியல் கூறும் வேறு இரு செய்திகள் அறவியல் நோக்கில் இவற்றினும் முதன்மையானவை. ஒன்று வாழ்வின் தொடக்கம் பற்றியது. மற்றொன்று முடிவு பற்றியது.

1993-இல் வெளியான ஆய்வொன்றில், பிறந்து இரண்டு நாளே ஆன குழந்தைகள் பிறமொழியினும் தம் தாய் பேசும் மொழியைக் கேட்பதற்கே மிகுதியாக விழைந்தமை கண்டறியப்பட்டது. பால்குடிக்கும் அசைவின் அளவைக் கொண்டு இவ்விழைவு கணிக்கப்பட்டது. கருவிலிருக்கும்போதே தாய்மொழியின் இசையைக் குழந்தை கேட்டு வருகின்றது என்பது இதனால் உய்த்துணரப்படும். முதல்மொழியை எவரும் தேடிச் சென்று ஈட்டுவதில்லை. கேளாமலேயே ஒருவர் தர, விலையின்றிப் பெறுவது அது.

முடிவு பற்றிய செய்தி நினைவிழப்பு ஆய்வுகளிலிருந்து கிடைப்பது. பிரெஞ்சு உளவியலார் ரிபோ 1881-இல் வெளியிட்ட நூலில், பின்னர்க் கற்றது முன்னர் அழியும், முன்னர்க் கற்றது நெடிது நிற்கும் என்னும் கருத்தை முன்வைத்தார். 1895-இல் பித்ரேஸ் என்னும் மருத்துவர் இதனை மறுத்து, நோய்க்கு முன் மிகுதியாக வழங்கிய மொழியே முதலில் மீளும் என்றார். இரு மொழிகளும் ஒத்த அளவில் மீளுதலே பெரும்பான்மை எனப் பிற்காலத்தில் மிஷல் பரதி பல நோயாளர் பதிவுகளைத் தொகுத்துக் காட்டினார். எனவே முதல்மொழியே எஞ்சும் என்பது மாறா விதியன்று. எனினும் ஒரு மொழி மறைந்து மற்றொன்று நிற்றல் உண்மையாக நிகழ்வது. மறதிநோய் முற்றிய முதியோர் இளமையில் பேசிய மொழிக்கே திரும்புதலும் பல நாடுகளில் பதிவாகியுள்ளது.

இச்செய்தியைச் சூளூர்பேட்டையில் வைத்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழ் பேசும் குடியில் பிறந்து, தெலுங்கில் வாணிகம் செய்து, இரு மொழியிலும் எண்பது ஆண்டுகள் வாழ்ந்த மூதாட்டி ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். நோயால் அவரிடம் தமிழ் மட்டுமே எஞ்சுகின்றது. பெயரனுக்கோ தெலுங்கும் ஆங்கிலமும் மட்டுமே தெரியும். நீர் வேண்டுகின்றாரா, நோவைச் சொல்கின்றாரா, இறந்துபோன உறவினரை அழைக்கின்றாரா என்பதை அறியாமல் அவன் அருகில் நிற்கின்றான். இந்நிலையில் இழப்புக்குரியது எது? மூதாட்டியின் மொழி அழிந்துவிடவில்லை. அது அவரிடம் உள்ளது. அதனைக் கேட்கும் செவியே அழிந்தது. மொழி என்பது ஒருவர் மூளைக்குள் மட்டும் இருப்பதன்று, இருவர்க்கு இடையே நிகழ்வது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது. அவரது மூளை இழக்காத ஒன்றை அவரைச் சூழ்ந்தோர் இழந்தமையால் அவர் ஊமையாக்கப்படுகின்றார்.

மொழியோடு உணர்ச்சிக்கும் அறமுடிவுக்கும் உள்ள தொடர்பும் இங்குக் கருதத்தக்கது. ஐவரைக் காக்க ஒருவரைப் பாலத்திலிருந்து தள்ளலாமா என்னும் மெய்யியல் வினாவைப் பின்னர்க் கற்ற அயல்மொழியில் கேட்டபோது, தள்ளலாம் என்றோர் தொகை தாய்மொழியில் கேட்டபோது இருந்ததினும் மிகுந்தது என ஆல்பர்ட் கோஸ்டா முதலியோர் 2014-இல் வெளியிட்டனர். அயல்மொழி உணர்ச்சியிலிருந்து விலக்கி நிறுத்துகின்றது என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று. கணக்கிடுவதற்கு அவ்விலகல் துணைசெய்யலாம். துன்புறுவோர் அருகில் இருப்பதற்கு வேண்டுவது நெருக்கமே ஆகும்.

கடப்பாடு எது, யாருக்கு

விலையின்றிப் பெற்றதொன்று, தந்தவர் அதனையன்றிப் பிறிதொன்று இல்லாது நிற்கும் காலத்தில் அவருக்குக் கிட்டாமற் போகலாகாது என்பதே மேற்கூறியவற்றால் பெறப்படும் கடப்பாடாகும். இது மொழிக்கு ஆற்றும் கடமை அன்று. மனிதர்க்கு ஆற்றும் கடமை. மொழியைத் தெய்வமாக ஏத்தாதவரும் இதனை ஏற்றல் கூடும்.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். எல்லைப்புறப் பெற்றோர் பிள்ளையின் பிழைப்பை எண்ணி ஆங்கிலத்தையும் மாநில மொழியையும் தெரிந்தெடுக்கின்றனர். முதியோரின் தேவைக்காகப் பிள்ளையின் எதிர்காலத்தைச் சுருக்குதல் அறமாகுமா என்பது அத்தடை. இது நேர்மையான தடையே. ஆயின் மேற்சுட்டிய கடப்பாடு பயிற்று மொழியைத் தீர்மானிப்பதன்று. வீட்டில் பேசி, கேட்டு, ஓரளவு படிக்கும் தமிழே அதற்குப் போதும். வேறு மொழிகளோடு ஒருங்கே அதனைப் பெற மூளையால் இயலும் என்பதற்கு எல்லைப்புறத்தில் எழுத்தறியாது வாழ்ந்த முதியோரே சான்று. எனவே பிழைப்பா பாசமா என்று இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் நெருக்கடி மெய்யானதன்று.

கடப்பாடு குடும்பத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. முதியோரின் நினைவாற்றலைச் சோதிக்கும் கருவிகள் மொழியைச் சார்ந்தவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு உருவான அறிதிறன் சோதனைத் தொகுதி பற்றி 2020-இல் வெளியான கட்டுரையில் இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய ஐந்து மொழி வடிவங்கள் இடம்பெற்றன. தெலுங்கை இழந்து தமிழோடு நிற்கும் ஒருவரைத் தெலுங்கு வடிவத்தால் மட்டும் சோதித்தால், மொழியிழப்பு அறிவிழப்பாகக் கணிக்கப்பட்டுவிடும். சிறுபான்மை மொழிக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யுமாறு, 1956-ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு மாநிலங்களைப் பணிக்கின்றது. குழந்தையின் மொழியைக் கருதிய அரசியலமைப்பின் உளப்பாங்கு, மருத்துவமனைப் படுக்கையில் உள்ள முதியோரின் மொழிக்கும் நீளுதல் வேண்டும். மருத்துவக் கலைச்சொல்லிலும் வட்டார வழக்கிலும் பயிற்சியுடைய தமிழ்த்துறைகள் இதற்கு உதவவும் கூடும்.

இவ்வாதத்தை ஏற்போர் அதன் மறுபக்கத்தையும் ஏற்றல் வேண்டும். திருவள்ளூர், கிருட்டிணகிரி மாவட்டங்களிலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும் தெலுங்கை வீட்டு மொழியாகக் கொண்டோர் வாழ்கின்றனர். அவர்தம் முதியோர்க்குத் தெலுங்கு மட்டுமே எஞ்சும் நாளில், அதனைக் கேட்கும் செவியைப் பேணும் கடப்பாடு தமிழகத்துக்கும் உண்டு. எல்லைக்கு வடக்கே உரிமையாகக் கேட்பதைத் தெற்கே சலுகையாகக்கூடத் தர மறுப்பின், அது அறமாகாது. மொழிச் சார்பாகவே முடியும். அறத்துக்கு எல்லைக்கோடு கிடையாது.

இவ்வாதத்துக்கு வரம்பும் உண்டு. தமிழ் மட்டும் எஞ்சிய முதியோர் எவரும் இல்லாத ஒரு தலைமுறை வருமாயின், அங்குத் தமிழைக் காத்தற்கு இக்கடப்பாடு காரணம் தராது. இலக்கியச் செல்வம், வரலாற்றுரிமை போன்றவை வேறு அடிப்படையில் நிறுவப்படவேண்டியவை. அனைத்தையும் நிறுவுவதாகக் கூறும் வாதத்தினும், ஒன்றை உறுதியாக நிறுவும் வாதமே நம்பத்தக்கது.

முடிவுரை

இருமொழியாளரின் மூளையில் இரு மொழிகளும் ஒருங்கே இயங்குகின்றன. மறதிநோயின் அறிகுறிகளை இருமொழிமை பிந்தச் செய்தலை ஐதராபாத் ஆய்வு காட்டினும், அக்கருத்து இன்னும் ஆய்வாளரிடையே வழக்கில் உள்ளது. இப்பயனைக் காரணமாகக் கொண்டு தமிழைக் காக்க முற்படுதல், வேறு மொழியால் ஈடுசெய்யப்படும் நிலைக்கும், ஆய்வு மாறின் சரியும் நிலைக்கும், அறத்தை விலைபேசும் நிலைக்கும் தமிழை ஆளாக்கும். முதல்மொழி விலையின்றிப் பெறப்படுவது என்பதும், நோயுற்ற மூளையில் அதுவே தனித்து எஞ்சுதல் கூடும் என்பதும் வேறொரு திசையைக் காட்டுகின்றன. ஒருவரிடம் எஞ்சிய மொழிக்கு மறுமொழி தர மற்றொருவர் இருத்தல் வேண்டும். அங்ஙனம் ஒருவரை ஆக்கி வைத்தலே எல்லைப்புறக் குடும்பங்களும் கல்வி, மருத்துவ நிறுவனங்களும் இரு மாநில அரசுகளும் ஆற்றவேண்டிய கடப்பாடாகும்.